இடிக்குப் பிளக்கைப் பிடுங்கும் மலையில் ரவுட்டிங் படித்தேன்

பதினெட்டாவது போன்

அன்று மதியம் இரண்டு இடி இடித்தது. ஜமுனாமரத்தூரில் மொத்த இன்டர்நெட்டும் நின்றுபோனது. எனக்குப் பதினேழு புகார் போன்கள் வந்தன. எண்ணுவது என் பழக்கம். நூறு ஜோடிக் கேபிளை அவிழ்த்து, நிறம் பார்த்து எண்ணியே தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகளைக் கழித்தவன் நான். விருப்ப ஓய்வு பெற்ற பிறகு, மலைக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சிறிய தனியார் கம்பெனியில் சைட் இன்சார்ஜாகச் சேர்ந்தேன். சைட் இன்சார்ஜ் என்றால் மலைமேல் உள்ள எல்லாப் பெட்டிக்கும் நானே ஆள், திட்டு வாங்கவும் நானே ஆள்.

பதினெட்டாவது போன் கீழே ஒடுகத்தூரில் இருக்கும் மேனேஜர் கோபியிடமிருந்து வந்தது. "லிங்க் டவுன்தான், பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று நானே முந்திக்கொண்டேன்.

"அதுக்காகப் பண்ணல சார். புது கான்ட்ராக்ட் வருது. சைட் இன்சார்ஜுக்கு ரவுட்டிங் சர்டிபிகேட் கண்டிப்பா வேணும்னு போட்டுட்டாங்க."

"எனக்கு முப்பத்து நாலு வருஷ சர்வீஸ் இருக்குதே, கோபி."

"அத்த நான் ஒத்துக்கிறேன் சார். அவங்க பாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

ரவுட்டிங் என்பது இன்டர்நெட்டில் டேட்டாவுக்கு வழி பிரித்துக் கொடுப்பது. அதற்கு வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவசர கோர்ஸ் ஒன்று இருப்பதாக அவரே சொன்னார். ஒரு செமஸ்டர் பாடத்தை எட்டு வாரத்தில் முடிப்பார்கள். வாரநாள் மாலைகளில் ஆன்லைன் வகுப்பு, சனிக்கிழமை நேரில் லேப். அதற்கு ஹைபிரிட் என்று பெயர். கடைசியில் ஒரு பிராக்டிகல் தேர்வு. அதில் தேறினால் என் பெயர் கான்ட்ராக்டில் ஏறும். தேறாவிட்டால் வேறு ஆள்.

எனக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. பென்ஷன் வருகிறது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் இந்த வேலை போய்விடுமோ என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் மனைவி சரோஜா ஒரே வரியில் முடிவு சொன்னார்.

"போய்ப் படிச்சிட்டு வாங்க. வேல இல்லாம வூட்ல குந்தினா, நீங்க டப்பாவுல இருக்கற அரிசிய எண்ண ஆரம்பிச்சிடுவீங்க."

குப்பம்மாவின் சுவர்

கோர்ஸைச் சொல்வதற்கு முன் அந்தப் பதினேழு புகாருக்குக் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் மலைக்கு இன்டர்நெட் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று ஒடுகத்தூரிலிருந்து ரேடியோ மூலம் ஏறி, உச்சியில் குப்பம்மா என்பவரின் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகும். இது நல்ல வேகமான வழி. இன்னொன்று கலசப்பாக்கம் பக்கமிருந்து நான்கு இடங்களில் தாவித் தாவி வரும். மெதுவான வழி, பேக்கப்புக்காகப் போட்டது. முதல் வழி விழுந்தால் நான் லேப்டாப்பைத் திறந்து கையால் கட்டளை அடித்துத்தான் இரண்டாவது வழிக்கு மாற்ற வேண்டும். அடித்து முடிப்பதற்குள் மழையே விட்டிருக்கும்.

முதல் வழி ஏன் விழுகிறது? இடி கேட்டால் குப்பம்மா பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அவர் மட்டும் இல்லை, அந்த உச்சியில் பதினொரு வீடு, பதினொன்றிலும் பிடுங்குவார்கள். முதலில் இடியைக் கேட்டவர் "பிளக்கு, பிளக்கு" என்று கத்துவார். வீட்டுக்காரர் சாமைக் கொல்லையில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நுழைந்து பிடுங்குவார். அங்கே மண் ஒரு முழம், அதற்குக் கீழே பாறை. எர்த் கம்பி எவ்வளவு அடித்தாலும் நிற்காது. குப்பம்மாவின் டிவி ஒரு முறை, மிக்ஸி ஒரு முறை வெடித்திருக்கின்றன. அவர் சுவரில் அந்தக் கரித்தடம் இன்னும் இருக்கிறது.

நான் எத்தனையோ விதமாகக் கெஞ்சிப் பார்த்தேன். "குப்பம்மா, எங்க பெட்டிக்குத் தனியா பாதுகாப்பு வச்சிருக்கோம். அத்த மட்டும் வுட்டுடுங்க."

"பெட்டி ஒன்னுது, வூடு என்னுது" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

இடி நின்ற பிறகு நான் போன் செய்வேன். "மழ வுட்டுடுச்சா? சொருவிடுங்க." அவர் சொருகுவார். லிங்க் வரும். இப்படியே ஆறு வருடம் ஓடியது. சொல்லப்போனால் எனக்கே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. என் வீட்டில் இன்டர்நெட் பெட்டியைத் தவிர்த்து ஐந்து பிளக். வானம் உறுமினால் ஐந்தையும் பிடுங்கிவிட்டுத்தான் உட்காருவேன்.

கோர்ஸில் சேரப்போவதை அவரிடமும் சொன்னேன்.

"ஹைபிரிட்டா? தக்காளி நாத்துல கீதே, அதுவா?"

"இல்ல, பாதி வூட்லேர்ந்து, பாதி காலேஜுல."

"இந்த வயசுலயா? உன்ன யாரு பேஜார் பண்றது, போன்காரரே?"

காலேஜில் முதல் நாள்

வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். "பேரனுக்கு பீஸ் கட்டணுமா பெரியவரே? ஆபீஸ் அந்தாண்ட."

"நான்தான் ஸ்டூடண்ட்."

அவர் என் செருப்பிலிருந்து தலை வரைக்கும் ஒரு முறை பார்த்துவிட்டு, "முதல் மாடி, லிப்ட் வேல செய்யாது" என்றார்.

லேபில் இருபத்து நான்கு நாற்காலி, இருபத்து மூன்று பேர். எல்லோரும் ஏதோ ஒரு வேலையில் இருப்பவர்கள். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர், கேபிள் டிவி நடத்துபவர், பள்ளி லேப் உதவியாளர். பாடம் எடுத்தவர் நித்யா மேடம். முப்பது வயதுக்குள் இருக்கும். எடுத்தவுடன் கேள்வி கேட்பார், நாம் தப்பாகப் பதில் சொன்னால் சந்தோஷப்படுவார்.

முதல் கேள்வியை என்னிடமே கேட்டார். "சார், நீங்க இங்கேர்ந்து டெல்லிக்கு ஒரு பேக்கெட், அதாவது ஒரு துண்டு டேட்டா அனுப்புறீங்க. போற வழி யாருக்குத் தெரியும்?"

நான் டெலிபோன்காரன். எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒரு கால் போட்டால், பேச ஆரம்பிக்கும் முன்பே இங்கிருந்து அங்கே வரைக்கும் பாதை பிடித்து வைக்கப்பட்டுவிடும். அதனால் "வழி பிரிக்கிற முதல் ரவுட்டருக்கு முழு வழியும் தெரியும்" என்றேன்.

"தெரியாது சார்."

"அப்போ பேக்கெட்டுக்குத் தெரியுமா?"

"அதுக்கும் தெரியாது. ஒவ்வொரு ரவுட்டரும் அடுத்தது யார் கையில குடுக்கணும்னு மட்டும்தான் பாக்கும். குடுத்துட்டு மறந்துடும்."

இதை நம்பியா இத்தனை பேர் பணம் அனுப்புகிறார்கள்? திரும்பி வரும் பஸ் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒருவன் தப்பாகக் கொடுத்து, அடுத்தவன் திருப்பிக் கொடுத்து, இருவருக்கும் நடுவிலேயே ஒரு பேக்கெட் சுற்றிக்கொண்டே இருந்தால்?

அதற்கு விடை அடுத்த ஆன்லைன் வகுப்பில் கிடைத்தது. ஒவ்வொரு பேக்கெட்டும் ஓர் எண்ணோடுதான் புறப்படுகிறது. டிடிஎல் என்று பெயர். ஒரு ரவுட்டரைத் தாண்டினால் அந்த எண்ணில் ஒன்று குறையும். பூஜ்யமானால் அந்த ரவுட்டரே அதைத் தூக்கிப் போட்டுவிடும். ஆகவே எதுவும் முடிவில்லாமல் சுற்ற முடியாது. எண்ணிக்கொண்டே போய் எண்ணிக்கை தீர்ந்ததும் செத்துப்போகும் ஒரு ஜீவன்! அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் கண்ட இடத்துக்கெல்லாம் பிங் என்ற சோதனைப் பேக்கெட்டை அனுப்பிப் பதிலைப் பார்த்தேன். பதிலில் ஐம்பத்தேழு என்று வந்தால், வழக்கம்போல் அறுபத்து நான்கில் புறப்பட்டிருக்க வேண்டும், ஆக நடுவில் ஏழு ரவுட்டர். சரோஜா வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா எண்ணுறீங்க?"

"நடுவுல எத்தன ரவுட்டர்னு."

"அரிசிக்கு இதுவே தேவலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்ணிக்கை ஏமாற்றியது

மூன்றாவது சனிக்கிழமை லேபில், இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே இரண்டு வழி கொடுத்தார்கள். ஒன்றில் குறைந்த ரவுட்டர்கள், ஒன்றில் ஒரு ரவுட்டர் கூடுதல். ரவுட்டர்களே ஒன்றோடொன்று பேசி வழியைத் தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டும். வழியில் உள்ள ரவுட்டர்களை எண்ணிப் பார்த்து, குறைவானதைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறையை நான் போட்டேன். எண்ணும் முறை என்றதும் மனதுக்குப் பிடித்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கை தூக்கினேன்.

மேடம் ஒரு பெரிய பைலை அனுப்பச் சொன்னார். அது நகரவே இல்லை. குறைந்த ரவுட்டர் உள்ள வழியில் வேண்டுமென்றே ஒரு மெதுவான லிங்க்கை வைத்திருந்தார்.

"சார், நீங்க இங்க வர்றதுக்கு எத்தன பஸ் மாறுறீங்க?"

"மூணு மேடம்."

"மலையிலேர்ந்து வேலூருக்கு நேர் பஸ் இல்லையா?"

"இருக்குது. அது எப்போ வரும்னு டிரைவருக்கே தெரியாது."

"அப்போ நீங்களே எண்ணிக்கைய பாத்து ஏறல. லேபுல மட்டும் ஏன் பாக்கறீங்க?"

இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றுதான் ஓஎஸ்பிஎப் என்ற முறையை ஒழுங்காகக் கவனித்தேன். அதில் ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு காஸ்ட் உண்டு, வேகம் குறைந்தால் காஸ்ட் கூடும். ஒரு லிங்க் விழுந்தால் அதைக் கண்ட ரவுட்டர் மற்ற எல்லோருக்கும் உடனே சொல்லிவிடும். எல்லோரும் தங்கள் கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொண்டு அடுத்த வழியில் போவார்கள். யாரும் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம்.

எனக்குக் குப்பம்மாவின் வீடு கண்முன்னே வந்தது. ஆறு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, இந்த அம்மாவைப் பிளக்கைப் பிடுங்காமல் இருக்கச் செய்வது எப்படி என்பது. ஓஎஸ்பிஎப் கேட்கும் கேள்வியோ, பிடுங்கினால் அடுத்து என்ன என்பது.

இதற்கு நடுவே எனக்கு வேறொரு கவலை. ஆன்லைன் வகுப்பில் வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். சித்திரை மாத இடி மாலையில்தான் வரும். வகுப்பும் மாலையில்தான். ஐந்து முறை வகுப்பின் நடுவே என் திரை நின்றுபோனது. நான் பராமரிக்கும் லிங்க்கே என்னை வகுப்பிலிருந்து வெளியே தள்ளியது. மேடத்துக்குப் போன் செய்து, "எங்க உச்சியில ஒரு அம்மா பிளக்கைப் பிடுங்கிட்டாங்க" என்று சொன்னேன். முதல் இரண்டு முறை அவர் நம்பவில்லை, அப்புறம் வருகை போட்டுவிட்டார்.

தேர்வு

பிராக்டிகல் தேர்வு மதியத்தில். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். மெல்லிய குரல், சிரிக்காத முகம். ஒவ்வொருவருக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு ரவுட்டர்கள் சதுரமாக. ஏயிலும் சியிலும் தலா ஒரு கம்ப்யூட்டர். பி வழியாக ஒரு பாதை, டி வழியாக இன்னொன்று. பி வழி முதன்மை, டி வழி மாற்று. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள கேள்விகள் இவற்றைச் சரியாக அமைப்பது. ஆறாவது கேள்விக்குத் தேர்வாளரே வந்து முதன்மை வழியை அறுப்பார், அப்போதும் பிங் ஓட வேண்டும்.

ஏ, சி, டி மூன்றையும் முடித்து, ரைட் மெமரி கட்டளை போட்டுச் சேமித்தேன். கடைசியாக பி. பதினான்கு வரிகள் அடித்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை சரிபார்த்தேன். பிங் ஓட ஆரம்பித்தது. பதில், பதில், பதில். ரைட் மெமரி அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது அமிர்தி காட்டுப் பக்கம் ஓர் இடி இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நான் எழுந்தேன். பி ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். அடுத்து டியின் பிளக்கில் கை வைத்தேன்.

"சார்! இன்னா பண்றீங்க!" என்று நித்யா மேடம் கத்தினார்.

அப்போதுதான் என் கையில் இருந்ததைப் பார்த்தேன். சேமிக்காத ரவுட்டரில் மின்சாரம் போனால் அடித்தது எல்லாம் போய்விடும். பதினான்கு வரியும் போயிற்று.

தேர்வாளர் வந்து நின்றார். "ஏன் பிடுங்கினீங்க?"

"இடி இடிச்சது சார்."

"அதுக்கு?"

"எங்க மலையில பிடுங்கிடுவோம்."

பின்னாலிருந்து ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். தேர்வாளர் திரும்பவில்லை. "ரைட் மெமரி போட்டீங்களா?"

"மூணுல போட்டேன் சார். இதுல போடல."

அவர் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பதில் வரிகளுக்கு நடுவே 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', அதாவது பதில் வரவில்லை, என்று இரண்டு வரி. அதற்குக் கீழே மறுபடி பதில், பதில், பதில். பி செத்துக் கிடக்கிறது. பேக்கெட்டுகள் டி வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. யாரும் அவற்றிடம் சொல்லவில்லை.

"ஆறாவது கேள்விய என்னைச் செய்ய விடாம நீங்களே செஞ்சிட்டீங்க" என்றார் தேர்வாளர். அப்போதும் சிரிக்கவில்லை. "அதுக்கு முழு மார்க். பி ரவுட்டருக்கு இப்போ மார்க் கிடையாது. டைம் இருக்கு, வேணும்னா மறுபடி அடிங்க."

அடித்தேன். அவசரத்தில் மூன்றாவது வரியை இரண்டு முறை தப்பாக அடித்தேன். இந்த முறை ஏழு வரிக்கு ஒரு தடவை சேமித்தேன். பதினான்காவது வரி முடிந்து, பக்கத்து ரவுட்டர்கள் பியை மறுபடி சேர்த்துக்கொண்டபோது, மேடம் மணியடித்தார். வெளியே மழை கொட்டியது. இடியும் தொடர்ந்து இடித்தது. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தேறிவிட்டேன். மார்க்கைச் சொல்லிப் பெருமைப்படும் அளவுக்கு இல்லை. கோபி போன் செய்து, "பேரு ஏறிடுச்சு சார்" என்றார்.

புகார் வராத நாட்கள்

கம்பெனி அனுமதி வாங்கி, மலையிலிருக்கும் ரவுட்டர்கள் எல்லாவற்றிலும் ஓஎஸ்பிஎப் போட்டேன். முதல் இடி இடித்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு புகாரும் வரவில்லை. இரண்டாவது மழைக்கும் வரவில்லை. மூன்றாவதற்கும் இல்லை. ஒருவேளை என் போன்தான் கெட்டுவிட்டதோ என்று சரோஜாவின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இந்தச் சந்தோஷத்தைக் குப்பம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மொபெட்டில் உச்சிக்குப் போனேன். அவர் புளி அடித்துக்கொண்டிருந்தார்.

"குப்பம்மா, நான் பாஸ் பண்ணிட்டேன். இனிமே நீங்க தாராளமா பிடுங்கலாம். லைன் தானா வேற பக்கம் போயிடும்."

"யாரும் மாத்த வாணாமா?"

"வாணாம். அதுவே பாத்துக்கும்."

அவர் புளியைத் தட்டில் போட்டார். "அதுவே பாத்துக்கும்னா, உனக்கு இன்னா வேல போன்காரரே? எதுக்கு ஒன்ன வச்சிருக்காங்க?"

வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எட்டு வாரம் அலைந்தேன். படித்ததைச் செய்து முடித்ததும் வேலையே இல்லாமல் போகுமா? இது எனக்குத் தோன்றவே இல்லை. வந்ததற்கு ஒரு முறை பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனேன்.

பெட்டியில் ஆறு விளக்குகள் எரிய வேண்டும். ஒன்றும் எரியவில்லை. பிளக் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"குப்பம்மா! இத்த எப்போ பிடுங்கினீங்க?"

"அன்னிக்கு மொத மழ பேஞ்சுதே, அப்போ."

"அதுக்கப்புறம் சொருவவே இல்லியா?"

"நீ போன் பண்ணலியே!"

முதல் மழையிலிருந்தே மொத்த மலையும் கலசப்பாக்கத்து மெதுவான வழி ஒன்றிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் ஒரு பெட்டி நின்றிருந்தால் மாற்று வழி கிடையாது. முன்பு லைன் விழுந்தால் ஊர் கத்தும், நான் போன் செய்வேன், இவர் சொருகுவார். இப்போது ஊர் கத்தவில்லை, நான் போன் செய்யவில்லை, இவரும் சொருகவில்லை. எங்கள் பழைய முறையில் என் போனும் ஒரு லிங்க். அதை அறுத்துவிட்டு அதற்கு மாற்று வைக்காமல் விட்டிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து ஒரு கட்டளை அடித்திருந்தால், பக்கத்து ரவுட்டர் பட்டியலில் குப்பம்மா வீட்டுப் பெட்டி இல்லை என்று அன்றே தெரிந்திருக்கும். புகார் இல்லாத சந்தோஷத்தில் அடிக்கவில்லை.

பிளக்கைச் சொருகினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆறும் வரும்வரை நின்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரைட் மெமரியை முதலில் போடுங்கள், அது எல்லோரும் சொல்வது. அதற்கு மேல் ஒன்று உண்டு. இரண்டு வழி வைத்த நெட்வொர்க்கில் ஒரு வழி செத்தால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. புகார் வந்த நாளில் யார் வேண்டுமானாலும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். புகாரே வராத நாளில் போய்ப் பார்ப்பதற்குத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள்.

இதைக் குப்பம்மாவிடம் அன்றே சொன்னேன். "இதுதான் என் வேல. இனிமே தெனம் காலைல பாப்பேன். உங்க பெட்டி இல்லன்னா போன் பண்ணுவேன்."

"தெனமா?"

"தெனம்."

"பண்ணு" என்றார் அவர். "மாடு கறக்கற நேரத்துல மட்டும் பண்ணாத. எடுக்க மாட்டேன்."